நட்சத்திரம் புள்ளியாக விழாதபோது: இரவு வானப் படங்களில் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

இரவு வானத்தைப் படம் பிடிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நட்சத்திரம் ஒவ்வொன்றும் படத்தில் புள்ளியாகத்தான் விழ வேண்டும். அது வட்டமாக, கோடாக, கொக்கியாக, இறக்கை விரித்த பறவையாக, பஞ்சாக விழுந்தால், என்ன கோளாறு என்பதை அந்த வடிவமே சொல்லிவிடும். என் படங்களிலும், கூட வந்தவர்கள் "என்னவோ சரியில்லை, கொஞ்சம் பாருங்கள்" என்று நீட்டிய கேமராக்களிலும் திரும்பத் திரும்பப் பார்த்தவற்றை இங்கே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் முதலில் செலவில்லாத காரணம் வரும், கடைசியில் செலவு வைப்பது வரும். அந்த வரிசையிலேயே போங்கள். லென்ஸைக் குறை சொல்லிப் புதிது வாங்கிய பிறகும் அதே கோளாறு தொடர்ந்ததைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள். முக்காலியில் கேமராவை வைத்து, மேனுவல் முறையில், ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), லென்ஸின் மிகப் பெரிய திறப்பில், ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை எவ்வளவு ஏற்றிக் காட்டுவது என்ற அமைப்பு) 3200, 10 நொடி என்று ஒரு படம் எடுங்கள். அதைத் திரையில் முழுதாகப் பெரிதாக்கி நடுவே ஒரு முறை, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை பாருங்கள். சிறிய திரையில் முழுப் படமாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து கணினியில் திறக்கும்போதுதான் உண்மை தெரியவரும், அதற்குள் இரவு போய்விட்டிருக்கும்.

## பட்டனை அழுத்தினால் ஷட்டர் விழவில்லை

பெரும்பாலும் ஆட்டோ ஃபோகஸ்தான் காரணம். இருட்டில் பிடிப்பதற்கு ஏதும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும், ஃபோகஸ் கிடைக்கும்வரை கேமரா படம் எடுக்காது. மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். லென்ஸில் ஒரு சுவிட்ச், கேமரா மெனுவில் ஒன்று என்று இரண்டு இடங்களில் இது இருக்கலாம், இரண்டையும் பாருங்கள்.

அப்படியும் விழவில்லை என்றால், முந்தைய படம் இன்னும் முடியாமல் இருக்கலாம். 'நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்' இயங்கினால், 30 நொடிப் படத்துக்குப் பிறகு கேமரா இன்னொரு 30 நொடி ஷட்டரை மூடிக்கொண்டு ஓர் இருட்டுப் படம் எடுக்கும். அதுவரை அசையாது. இது கோளாறு இல்லை.

30 நொடிக்கு மேல் போக முடியவில்லை என்றால் பல்ப் முறையும் (நாம் மூடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் முறை) ஒரு ரிமோட்டும் தேவை. பகல் வெளிச்சத்திலும், வேறு லென்ஸ் போட்டும், நிரம்பிய பேட்டரியுடனும் ஷட்டர் மக்கர் செய்தால் மட்டும் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். ஷட்டர் திரையை விரலால் தொட்டுப் பார்க்கக்கூடாது.

## எல்லா நட்சத்திரங்களும் குண்டாக, வட்டமாக, பஞ்சு போல இருக்கின்றன

ஃபோகஸ் தவறியிருக்கிறது. இரவு வானப் படங்களை வேறு எதையும்விட அதிகமாகக் கெடுப்பது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

### முதல் படத்திலிருந்தே அப்படி இருந்தால்

ஃபோகஸ் ரிங்கை இன்ஃபினிட்டி குறியில் கொண்டுபோய் நிறுத்தினீர்களா? அந்தக் குறியை நம்பாதீர்கள். வெப்பநிலைக்கு ஏற்ப லென்ஸ் விரிந்து சுருங்குவதால், பெரும்பாலான ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்களில் ரிங் இன்ஃபினிட்டியையும் தாண்டிக் கொஞ்சம் திரும்பும்படி விட்டிருப்பார்கள். கடைசிவரை திருப்பினால் நட்சத்திரத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

சரியான முறை இது. வானத்தில் இருப்பதிலேயே பிரகாசமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சிரியஸ், வேகா, அகத்தியம் என எது மேலே இருக்கிறதோ அது. வியாழன் இருந்தால் இன்னும் எளிது. அதை லைவ் வியூவில் நடுவுக்குக் கொண்டுவந்து 10 மடங்கு பெரிதாக்குங்கள். இப்போது ரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். நடுங்கும் ஒரு வெளிச்சத் தட்டு தெரியும், அது சுருங்கிக்கொண்டே வரும். நன்றாகச் சுருங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். அது மறுபடி பெரிதாகத் தொடங்கும்வரை தாண்டிப் போய், அப்புறம் திரும்பி வாருங்கள். சரியான இடத்தை நெருங்கும்போது, அதுவரை திரையில் இல்லாத மங்கலான நட்சத்திரங்கள் அதன் பக்கத்தில் முளைக்கும். அவை எங்கே மிக அதிகமாகத் தெரிகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். பெரிய திறப்புள்ள பல லென்ஸ்களில் இன்னொரு தடயமும் கிடைக்கும்: சரியான இடத்துக்கு ஒரு பக்கம் நட்சத்திரத்தின் ஓரம் ஊதாவாகவும், மறுபக்கம் பச்சையாகவும் மாறும். இரண்டும் இல்லாத இடம்தான் வேண்டும்.

லைவ் வியூவில் ஒன்றுமே தெரியவில்லையா? மூடியைக் கழற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்து ஐ.எஸ்.ஓ.வை மேலே ஏற்றுங்கள், திறப்பை முழுதாகத் திறங்கள், ஷட்டர் நேரத்தை 30 நொடிக்கு மாற்றுங்கள். பல கேமராக்கள் அந்த அமைப்புக்கு ஏற்பத்தான் திரையில் வெளிச்சம் காட்டும். ஃபோகஸ் மிக மோசமாக விலகியிருந்தால் நட்சத்திரம் பரவிக் கரைந்து திரையில் இல்லாமலே போய்விடும். அப்போது ரிங்கைப் பெரிய அடிகளாகத் திருப்பிப் பாருங்கள். எதுவும் பலிக்கவில்லை என்றால், சில நூறு மீட்டருக்கு அப்பால் எரியும் ஒரு விளக்கில் ஃபோகஸ் வைத்துவிட்டு நட்சத்திரத்துக்குத் திரும்புங்கள். அகலக் கோண லென்ஸுக்கு அந்தத் தூரம் போதும்.

நீளமான லென்ஸ்களுக்கு, அதாவது 100 மி.மீ.க்கு மேல், கண்ணை மட்டும் நம்புவது கடினம். லென்ஸின் முன்னால் மாட்டும் பாட்டினோவ் மாஸ்க் என்ற வரிவரியான தட்டு உதவும். நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று கதிர்கள் தோன்றும். நடுக் கதிர் மற்ற இரண்டுக்கும் சரியாக நடுவே வந்தால் ஃபோகஸ் கச்சிதம். செலவு குறைவு, பலன் அதிகம்.

### முதலில் கூர்மையாக இருந்து பிறகு கெட்டால்

முதல் சந்தேகம், ரிங்கில் கை பட்டது. ஃபோகஸ் வைத்ததும் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் ஜூம் ரிங்கிலும் ஒட்டுங்கள். ஒரு முறை ஃபோகஸ் ரிங்கை மட்டும் ஒட்டிவிட்டு கேமராவைத் தலைக்கு மேலே திருப்பினேன். லென்ஸ் தன் எடையிலேயே மெல்ல இறங்கி, 24 மி.மீ.யில் தொடங்கிய தொடர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஃபோகஸையும் இழந்திருந்தது. மூன்று மணி நேர உழைப்பு அப்படியே போயிற்று.

இரண்டாவது, கேமராவை அணைத்து மறுபடி இயக்கினீர்களா? மிரர்லெஸ் கேமராக்களுக்கான லென்ஸ்கள் பலவற்றில் ரிங்குக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் நேரடிப் பிணைப்பு இல்லை, மோட்டார்தான் நகர்த்துகிறது. அணைத்தால் இடத்தை மறந்துவிடும். டேப் இங்கே உதவாது. ஃபோகஸ் இடத்தை நினைவில் வைக்கும் வசதி மெனுவில் இருந்தால் அதை இயக்குங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் புதிதாக வையுங்கள்.

மூன்றாவது, குளிர். மாலையில் ஃபோகஸ் வைத்த லென்ஸ் நள்ளிரவில் சுருங்கியிருக்கும். மணிக்கு ஒரு முறை சரிபார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நான்காவது பனி, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

### ரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கூர்மையாகவில்லை என்றால்

பகலில் தொலைதூரக் கோபுரத்தையோ மலையையோ மேனுவல் ஃபோகஸில் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயும் கூர்மை வராமல், பக்கத்துப் பொருட்கள் மட்டும் கூர்மையாகத் தெரிந்தால், லென்ஸால் இன்ஃபினிட்டியை எட்ட முடியவில்லை என்று பொருள். இடையில் அடாப்டர் போட்டிருந்தால் அதன் தடிமனே காரணமாக இருக்கலாம், வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். அடாப்டர் இல்லாமலும் அப்படியே இருந்தால் லென்ஸைத் திறந்து சரிசெய்ய வேண்டும். இது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

## நட்சத்திரங்கள் கோடாக நீண்டிருக்கின்றன

இங்கே ஒரு கேள்விதான் முக்கியம்: படத்தில் தரை எப்படி இருக்கிறது? மரமும் பாறையும் கூர்மையாக இருந்து நட்சத்திரம் மட்டும் நீண்டிருந்தால் அது பூமி சுழல்வதால் வருவது. தரையும் கலங்கியிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது.

### தரை கூர்மை, நட்சத்திரம் மட்டும் கோடு

ஷட்டர் நேரம் அதிகம். 500 விதி என்று ஒன்றை எல்லோரும் சொல்வார்கள்: 500-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுத்தால் வரும் நொடிகள். 24 மி.மீ. லென்ஸுக்கு 20 நொடி. ஃபிலிம் காலத்துக்கு அது போதும், இன்றைய சென்சார்களுக்குப் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 மி.மீ. அகலச் சென்சாரில் 6000 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 6 மைக்ரான். ஓரியனின் இடுப்பில் இருக்கும் மூன்று நட்சத்திரங்கள் வானின் நடுக்கோட்டுக்கு அருகே இருப்பவை, மிக வேகமாக நகர்பவை. 24 மி.மீ. லென்ஸில் 20 நொடிக்குள் அவை கிட்டத்தட்ட 6 பிக்சல் நகர்ந்துவிடும். பெரிதாக்கினால் கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

நான் பயன்படுத்துவது என்.பி.எஃப். கணக்கு. எஃப் எண்ணை (லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது) 35-ஆல் பெருக்குங்கள், பிக்சல் மைக்ரானை 30-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி லென்ஸின் மி.மீ.யால் வகுத்துவிடுங்கள். எஃப் 2.8, 6 மைக்ரான், 24 மி.மீ. என்றால் 98-உம் 180-உம் சேர்ந்து 278, அதை 24-ஆல் வகுத்தால் சுமார் 11.6 நொடி. இந்தக் கணக்கில் லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ.யையே போட வேண்டும். 500 விதியில்தான், சிறிய சென்சார் என்றால், மி.மீ.யை 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்கிப் போட வேண்டும். இதை மறந்துவிட்டு "விதிப்படிதானே எடுத்தேன்" என்று குழம்புகிறவர்கள் நிறைய.

துருவ நட்சத்திரத்தின் பக்கம் கேமராவைத் திருப்பினால் இதைவிட அதிக நேரம் கிடைக்கும், அங்கே நகர்வு மிகக் குறைவு. நேரத்தைக் குறைத்ததால் படம் இருட்டினால் என்ன செய்வது என்பது பின்னால் வருகிறது.

### தரையும் கலங்கி, எல்லா நட்சத்திரத்திலும் ஒரே கிறுக்கல்

பூமியின் சுழற்சியால் வரும் கோடுகள் துருவத்தைச் சுற்றி வளைந்திருக்கும், அதனால் படத்தின் இடத்துக்கு இடம் திசை மாறும். கேமரா ஆடினால் எல்லா நட்சத்திரத்திலும் அச்சு வைத்தது போல ஒரே கிறுக்கல் விழும். அந்தக் கிறுக்கலையே படித்துப் பாருங்கள்.

பிரகாசமான புள்ளியும் அதிலிருந்து கிளம்பும் மெல்லிய வாலும் இருந்தால், ஷட்டரை விரலால் அழுத்தியிருக்கிறீர்கள். 2 நொடி அல்லது 10 நொடி டைமர் வையுங்கள், அல்லது ரிமோட். ஒவ்வொரு நட்சத்திரமும் இரட்டையாக விழுந்திருந்தால் நடுவில் யாரோ முக்காலியை இடித்திருக்கிறார்கள், அல்லது முக்காலியின் ஒரு கால் மண்ணில் இறங்கியிருக்கிறது. படத்துக்குப் படம் மாறும் ஒழுங்கற்ற நெளிவு என்றால், காற்றா இமேஜ் ஸ்டெபிலைசேஷனா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முக்காலியில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷன் இல்லாத ஆட்டத்தைத் தேடித் தானே ஆட்டிவிடக்கூடும். அதை அணையுங்கள், லென்ஸிலும் கேமராவிலும். அணைத்தும் நெளிகிறதா? அப்படியானால் காற்று. முக்காலியின் நடுத்தண்டை முழுதாக இறக்குங்கள், கால்களின் மெல்லிய கடைசிப் பகுதியை உள்ளே தள்ளுங்கள், காற்றில் படபடக்கும் கேமரா வாரைக் கழற்றுங்கள். நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். காற்றில் ஊசலாடும் பை கேமராவையும் சேர்த்து ஆட்டும்.

கோடு எப்போதும் கீழ்நோக்கியே நீண்டால் முக்காலியின் தலை எடை தாங்காமல் மெல்ல வழுக்குகிறது. திருகை இறுக்குங்கள், சற்று மேலே தள்ளி வைத்து இறுக்கிப் பாருங்கள். அப்படியும் வழுக்கினால் தலையை மாற்றத்தான் வேண்டும்.

### டிராக்கரில் வைத்தும் கோடு விழுகிறது

டிராக்கர் என்பது பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் கருவி. கோடு எவ்வளவு நீளம் என்று பாருங்கள். டிராக்கரை நிறுத்திவிட்டு அதே நேரத்துக்கு ஒரு படம் எடுங்கள். டிராக்கர் ஓடும்போது கோடு அதைவிட இரு மடங்கு இருந்தால், அது எதிர்த்திசையில் சுற்றுகிறது. வடக்கு, தெற்கு அரைக்கோளத்துக்கான சுவிட்சை மாற்றினால் முடிந்தது. இரண்டும் ஒரே நீளம் என்றால் டிராக்கர் சுற்றவே இல்லை: கிளட்ச் இறுகவில்லை, அல்லது பேட்டரி தீர்ந்துவிட்டது. கோடு குறைந்து, ஆனாலும் கொஞ்சம் இருந்தால் துருவச் சீரமைப்பில், அதாவது டிராக்கரின் அச்சை வானத் துருவத்தை நோக்கி வைப்பதில், பிழை. துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து அரைப் பாகைக்குச் சற்று அதிகமாக விலகியிருக்கிறது. அதைச் சரியாக நடுவில் வைத்தால் அகலக் கோண லென்ஸுக்குப் போதும், 100 மி.மீ.க்கு மேல் போதாது. டிராக்கரின் துருவக் கண்ணாடியில் (அச்சின் வழியே பார்க்கும் சிறு தொலைநோக்கி) இருக்கும் வட்டத்தில், அந்த நேரத்துக்குரிய இடத்தில் அதை வைக்க வேண்டும்.

டிராக்கர் சரியாகச் சுற்றும்போது தரை கலங்குவது இயல்பு. தரைக்கு டிராக்கரை நிறுத்தித் தனியாக ஒரு படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## நடுவில் சரியாக இருக்கிறது, மூலையில் கெடுகிறது

நான்கு மூலைகளிலும் நட்சத்திரங்கள் இறக்கை விரித்த பறவை போல இருந்தால் அது கோமா என்ற லென்ஸ் குறை. பெரிய திறப்புள்ள பல லென்ஸ்களில் இருப்பதுதான். எஃப் 1.8-லிருந்து 2.8-க்கு மூடிப் பாருங்கள், பெரும்பாலும் நன்றாகக் குறையும். அப்படியும் மிஞ்சுவதை ஏற்றுக்கொண்டு சற்று அகலமாக எடுத்து ஓரத்தை வெட்டிவிடலாம். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

ஒரு மூலை அல்லது ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் கதை வேறு. முதலில் அந்தப் பக்கம் மட்டும் பனி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லென்ஸைக் கழற்றி மறுபடி பூட்டிப் பாருங்கள், அடாப்டரில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே வானத்தை எடுங்கள். கெடுதல் படத்தின் அதே மூலையிலேயே நின்றால் லென்ஸின் உள்கண்ணாடி மையம் விலகியிருக்கிறது, அல்லது சென்சார் சாய்ந்திருக்கிறது. இன்னொரு லென்ஸ் போட்டால் எது என்று தெரிந்துவிடும். இரண்டுமே சர்வீஸ் சென்டர் வேலை. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் இந்தப் படங்களைக் கையோடு கொண்டுபோங்கள், வாதாட வேண்டியிருக்காது.

மூலைகள் வெறும் இருட்டாக இருந்தால் லென்ஸ் ஹூட் கோணலாக மாட்டியிருக்கிறதா, ஃபில்டர் மேல் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மிச்ச இருட்டு ரா கோப்பைத் திறக்கும்போது லென்ஸ் புரொஃபைலில் போய்விடும்.

## நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம், படம் முழுக்க மங்கல்

பனிதான். வேறெதையும் யோசிக்கும் முன் டார்ச்சை லென்ஸின் முன்கண்ணாடிக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாது. சாய்வாக அடித்தால், மூச்சு விட்ட கண்ணாடி போல ஒரு சாம்பல் படலம் தெரியும், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வளர்ந்துகொண்டிருக்கும். தெளிந்த, காற்றில்லாத இரவுகளில்தான் இது அதிகம்.

துணியால் துடைக்காதீர்கள். இரண்டு நிமிடத்தில் மறுபடி படியும், துடைக்கும்போது ஃபோகஸ் ரிங்கும் நகரும். லென்ஸுக்கு மிதமான சூடு வேண்டும், அவ்வளவுதான். பவர் பேங்கில் ஓடும் லென்ஸ் ஹீட்டர் பட்டையைப் படிவதற்கு முன்பே, அதாவது இரவின் தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள். அது இல்லை என்றால், கைகளைச் சூடாக்கும் சிறு பொட்டலங்கள் இரண்டை லென்ஸைச் சுற்றி வைத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். ஹூட் மாட்டுவதும் படிவதைத் தள்ளிப்போடும். சூடு வைத்ததும் ஃபோகஸை ஒரு முறை சரிபாருங்கள், சற்று மாறியிருக்கும்.

பனி இல்லையா? விரல் ரேகை, அடுத்து மலிவான பாதுகாப்பு ஃபில்டர். இரவில் அதைக் கழற்றிவிடுங்கள், பிரகாசமான விளக்குகளின் பேய் பிம்பங்களும் அதோடு போகும். அடுத்து மெல்லிய மேகம்: கண்ணுக்குத் தெரியாத படலம்கூட நட்சத்திரங்களை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும், அடுத்தடுத்த படங்களில் மங்கல் இடம் மாறினால் அதுதான். எல்லா இரவிலும், எல்லா இடத்திலும் மங்கல் என்றால் லென்ஸைக் கழற்றி, திறப்பை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்கிறவரிடம் கொடுங்கள், சீக்கிரமாக. நாளானால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும்.

## படம் இருட்டு, ஏற்றினால் மணல் தூவியது போல் ஆகிறது

கேமராத் திரை உங்களை ஏமாற்றியிருக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மங்கலான படமும் பளிச்சென்று தெரியும். திரையின் வெளிச்சத்தை மிகக் குறைவாக வைத்துவிட்டு, படத்தைப் பார்க்காமல் ஹிஸ்டோகிராமை (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். மேடு இடதுபக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் வெளிச்சம் போதாது. சுவரைவிட்டு விலகி, கால்வாசி தூரத்துக்காவது வந்திருக்க வேண்டும்.

ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் இரைச்சல் (நாய்ஸ், அதாவது அந்த மணல் புள்ளிகள்) வரும் என்ற பயத்தில் பலர் 400-இல் எடுத்துவிட்டு, பிறகு கணினியில் ஏற்றுகிறார்கள். இரைச்சல் வருவது ஐ.எஸ்.ஓ.வால் இல்லை, வெளிச்சம் குறைவதால்தான். அதனால் வரிசை இப்படி: முதலில் திறப்பை முழுதாகத் திறங்கள். அடுத்து ஷட்டர் நேரத்தைக் கோடு விழாத எல்லைவரை கொண்டுபோங்கள். அப்புறம் ஐ.எஸ்.ஓ.வை 3200, தேவைப்பட்டால் 6400 வையுங்கள்.

அதற்குப் பிறகும் மணல் மணலாக இருந்தால் ஒரே படத்தில் தீர்க்க நினைக்காதீர்கள். அசையாமல் அடுத்தடுத்து 16 படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து அடுக்கினால் இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும். சீக்வேட்டர், டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் மூன்றும் இலவச மென்பொருள்கள், தரையும் வானமும் சேர்ந்த படத்துக்கு சீக்வேட்டர் எளிது. இது பிடிபட்ட பிறகுதான் டிராக்கர் வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும், அதற்கும் பிறகுதான் எஃப் 1.4 லென்ஸ்.

நிழல்களை ஏற்றும்போது கிடைக்கோடுகள் தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் வெளிச்சக் குறைவுதான். வெளி மின்சாரத்தில் ஓட்டியிருந்தால் ஒரு முறை பேட்டரியில் எடுத்து ஒப்பிடுங்கள். மூடி போட்டு எடுத்த குறுகிய எக்ஸ்போஷரிலும் அதே இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு நின்றால் சென்சார் பழுது, சர்வீஸுக்குத்தான்.

## சிவப்பு, நீலம், பச்சையாகப் பளிச்சிடும் புள்ளிகள்

பெரிதாக்கினால் ஒற்றைப் பிக்சலாக, விளிம்பு வெட்டியது போல இருக்கும். நட்சத்திரம் அப்படி இருக்காது, ஓரம் மென்மையாகக் கரையும். உறுதி செய்ய, லென்ஸை மூடிவிட்டு அதே ஐ.எஸ்.ஓ., அதே நேரத்தில் ஒரு படம் எடுங்கள். அதே இடங்களில் புள்ளி இருந்தால் சூடான பிக்சல்கள். எல்லாக் கேமராவிலும் இருக்கும், வெப்பமான இரவில் கூடும், பயப்பட வேண்டாம்.

மெனுவில் பிக்சல் மேப்பிங் (கெட்ட பிக்சல்களைக் கண்டுபிடித்து மறைக்கும் வசதி) இருந்தால் ஒரு முறை ஓட்டுங்கள். ஒற்றைப் படத்துக்கு நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் போதும். அடுக்கப்போகிறீர்கள் என்றால் அதை அணைத்துவிட்டு, கடைசியில் மூடி போட்டு 15 அல்லது 20 இருட்டுப் படங்கள் எடுத்து மென்பொருளிடம் கொடுங்கள். அதே குளிரில், அங்கேயே எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து எடுத்தால் வெப்பநிலை மாறிவிடும். 1/100 நொடிப் படத்திலும் புள்ளி தெரிந்து, மேப்பிங்கிலும் போகவில்லை என்றால் மட்டும் சர்வீஸ்.

## வானத்தின் நிறம் தப்பாக இருக்கிறது

முழுக்க ஆரஞ்சு அல்லது பழுப்பு என்றால் முதலில் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து 4000 கெல்வின் அளவில் வையுங்கள். ரா கோப்பு என்றால் பிறகும் மாற்றலாம். திருவாதிரை செம்மஞ்சளாகவும் சிரியஸ் வெள்ளையாகவும் தெரிந்தால் சரியான இடத்துக்கு அருகே வந்துவிட்டீர்கள்.

அடிவானத்தில் மட்டும் ஆரஞ்சு என்றால் அது ஊர் வெளிச்சம். வேறு திசையில் திருப்புங்கள், அல்லது அந்தத் திசை வானம் உயர்ந்த பிறகு எடுங்கள். ஒளி மாசு ஃபில்டர்கள் பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சளை நன்றாக வெட்டும், வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தை அவ்வளவாக வெட்டாது. வாங்கும் முன் உங்கள் பக்கத்து விளக்குகள் எவை என்று பாருங்கள்.

வானம் வெளுத்து, பால்வழி தெரியவே இல்லையா? சந்திரன் எப்போது உதிக்கிறது, எப்போது மறைகிறது என்று பாருங்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கிய பிறகுதான் வானம் முழுதாக இருட்டும். சுமார் 49 பாகைக்கு மேற்பட்ட அட்சரேகைகளில் கோடையின் நடுவே அது நடப்பதே இல்லை, அங்கே கேமராவில் என்ன மாற்றியும் பயனில்லை.

பச்சையாக, அலை அலையாகப் பட்டைகள் தெரிந்தால் அதை அழித்துவிடாதீர்கள். அது கோளாறே இல்லை. சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் 557.7 நானோமீட்டரில் தானே ஒளிர்கின்றன. நல்ல இருட்டு இடத்தில்தான் இது பதியும். முதல் முறை பார்த்தபோது சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து நிறத்தை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டேன், இன்றும் அந்தப் படத்துக்காக வருந்துகிறேன்.

படத்தின் ஓரத்தில் ஊதாப் பிசிறு தெரிந்தால், உள்ளே கண்ணாடி வைத்த கேமராக்களில் (டி.எஸ்.எல்.ஆர்.) கண் வைத்துப் பார்க்கும் துளை வழியாக வெளிச்சம் நுழைகிறதா என்று பாருங்கள். அதைத் துணியால் மூடி எடுத்தால் தெரிந்துவிடும். மூடியும் இருந்தால் சென்சாருக்குப் பக்கத்தில் இருக்கும் மின்சுற்றின் சூடு, இருட்டுப் படங்கள் கழித்துவிடும். வட்டத்துக்குள் வட்டமாக வண்ண வளையங்கள் வந்தால் கேமராவுக்குள் இருக்கும் லென்ஸ் திருத்தங்களை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

## அழைக்காத கோடுகள்

விட்டு விட்டுச் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த கோடு விமானம். சீரான மெல்லிய கோடு, அடுத்த படத்திலும் தொடர்ந்தால், செயற்கைக்கோள். ஒரே படத்தில் மட்டும் இருந்து, இரு முனையும் கூராகி, நடுவில் பருத்து, சில சமயம் பச்சை கலந்திருந்தால் எரிகல். அதைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.

2019 மே மாதம் ஸ்டார்லிங்க்கின் முதல் 60 செயற்கைக்கோள்கள் ஏவப்பட்ட பிறகு இந்தக் கோடுகள் மிகவும் பெருகிவிட்டன. இருட்டிய பின் முதல் சில மணி நேரமும் விடியலுக்கு முந்தைய நேரமும்தான் அதிகம். படங்களை அடுக்கும்போது சிக்மா முறையில் (மற்ற படங்களோடு ஒத்துப்போகாத பிக்சலை ஒதுக்கும் முறை) விலக்கச் சொன்னால் ஒரு படத்தில் மட்டும் இருக்கும் கோடு போய்விடும். எட்டுப் பத்துப் படங்களாவது வேண்டும்.

## நட்சத்திரப் பாதையில் இடைவெளிகள், நடுவில் நின்றுபோன தொடர்

தொடர்ந்து எடுத்த படங்களைச் சேர்த்து உருவாக்கும் நட்சத்திரப் பாதை புள்ளிக்கோடாக வந்தால் முதலில் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணையுங்கள். அணைத்தும் ஒன்றுவிட்டு ஒரு படம் தவறினால் இன்டர்வல் கணக்கை, அதாவது ஒரு சொடுக்குக்கும் அடுத்த சொடுக்குக்கும் இடையில் வைத்த நேரத்தைப் பாருங்கள். பல கேமராக்களில் 30 நொடி என்று எழுதியிருப்பது உண்மையில் 32 நொடி, 15 என்பது 16. இன்டர்வலை 31 என்று வைத்தால் அடுத்த சொடுக்கு வரும்போது ஷட்டர் இன்னும் திறந்திருக்கும், அந்தப் படம் தவறிப்போகும். 33 வைத்துப் பாருங்கள். சில கேமராக்கள் தொடக்கத்திலிருந்து எண்ணும், சில முடிவிலிருந்து எண்ணும், அதனால் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து படங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடரைத் தொடங்குங்கள்.

பாதியில் நின்றால் பெரும்பாலும் பேட்டரி. குளிரில் அது வேகமாக இறங்கும். மாற்றுப் பேட்டரியைப் பையில் வைக்காமல் சட்டையின் உள்பக்கம் வையுங்கள். தீர்ந்ததாகக் காட்டிய பேட்டரியும் அங்கே சற்று நேரம் இருந்தால் இன்னும் சில படங்கள் தரும். பேட்டரி நிரம்பியிருந்தும் நின்றால் கார்டின் இடம், தானாக அணையும் அமைப்பு, இன்டர்வல் மீட்டரில் வைத்திருக்கும் படங்களின் எண்ணிக்கை என்று பாருங்கள். பல மீட்டர்கள் 99 அல்லது 399-உடன் நின்றுவிடும்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது கார்டை வெளியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிய பிறகே சூடான அறைக்குள் கொண்டுபோங்கள். இல்லையென்றால் ஈரம் லென்ஸுக்குள்ளும் சென்சாரிலும் போய்ப் படியும். அறையின் சூட்டுக்கு வரும்வரை, ஓரிரு மணி நேரமாவது, பையைத் திறக்காதீர்கள்.